கழிமுகத்தில் பாதி

ரெண்டு ரூபாய் ஆறணா.
டாரம்பல் துரை பேரில் இன்னும் அடிக்காத வரி.

ஜக்கதளாப் பட்டாளத்து சார்ஜண்டு.
பட்டைச் சாராயத்தில்
கைப்பட்டை மூன்றையும் தொலைத்தவர்.
நடுவட்டத்தில் கொயினா நாற்று நட்ட சீனக் கைதி
ஒரு சுருட்டுக்கு ஈடாக
சாம்பலைத் தொட்டுப் பலகையில் வரைந்தானாம்:
இது ஆறு.
இது கழிமுகம்.
இங்கே ராஜா கிடையாது.
கடைசிச் சொல் மட்டும்
துரை காதில் வண்டாய்ப் புகுந்துகொண்டது.

"கொடி வேணும் சவரிராயா. சிவப்பில் புலி."
நான் புலியைக் கண்டவனில்லை.
ரெண்டு ராத்திரி தைத்ததில்
துணியில் வந்து நின்றது
தோடர் மந்து எருமை.
கொம்பைக் குறைத்தேன்,
இன்னும் கோபமாய்ப் பார்த்தது.
துரை இந்தப் பக்கம் தலை சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.
"பயப்படுவார்கள்" என்றார்.

படை நாலு பேர்.
மட்டக்குதிரை உசேன், லாடம் அடிக்கும் குப்பண்ணன்,
வேலையற்ற அண்ணன் தம்பி இருவர்.
மாசம் ஏழு ரூபாய், ஜெயித்தால் மந்திரி.
பர்லியார் பாக்குத் தோப்பு வரை
கொடி தெரிந்ததாம்.
அன்றைக்கு மேகம். தெரிந்திருக்காது.

ஆறு பனிக்காலம்.

டோலியில் வந்தது ஒருவர்தான்.
நாற்பத்தொரு நாள் ராஜாவாம்.
போட்டது ஒரே வரி, உப்புக்கு.
அங்கே எல்லாரும் உப்புக்காரர்கள்.

குப்பண்ணன் எங்கே என்றேன்.
சுவரைப் பார்த்துச் சொன்னார்:
"கடைசி வரை மந்திரியாகவே இருந்தான்."
அவன் பெண்டாட்டி சந்தையில்
உருளைக்கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தாள்.
இந்தச் சொல்லை
எந்தத் தட்டில் வைக்க?
நான் போகவில்லை.

விட்டு விட்டுக் குளிர்காய்ச்சல்.
மருந்து நடுவட்டத்து மரப்பட்டை.
சீனன் நட்டது அதற்குள் உரிக்கிற பருவம்.
மூன்றாம் பட்டையைக் கசக்கிறதென்று
துப்பினார் துரை.

காசில்லை. காகிதம் எழுதித் தந்தார்,
அரக்கு முத்திரையோடு:
"கழிமுகத்தில் பாதி, சவரிராயனுக்கும்
அவன் சந்ததிக்கும்."
சித்திரையில் அடக்கம் செய்தோம்.
மழைக்குக் குழி ரெண்டு தரம் சரிந்தது.

மார்கழியில் புல்லெல்லாம் உறைபனி.
குப்பண்ணன் பெண்டாட்டி மகனோடு வந்தாள்,
கம்பளிக் கோட்டுக்கு.
பையன் அளவெடுக்க நிற்கவில்லை,
எருமைபோல் முட்டினான்.
கை வெட்ட மாதிரிக்குக் கெட்டிக் காகிதம் வேண்டும்.
இருந்தது அது ஒன்றுதான்.
கத்தரி ஆற்றின் குறுக்கே போயிற்று.
இடது கைக்கு முத்திரை,
வலது கைக்கு என் பேரில் "ராயன்".

"அவர் எப்போ வருவாராம்?" என்றாள்,
பொத்தானைப் பார்த்தபடி.
வாயில் ஊசி இருந்தது எனக்கு.