ஒரு விரற்கடை

சனிக்கிழமை காலை தாலினுக்கு முதல் ரயில்.
அதற்குள் இந்தப் புத்தகம் முழுக்க
எஸ்தோனிய மொழியில் என் நாக்குக்குப் படிய வேண்டும்.
நார்வாவில் பிறந்து நாற்பத்தோரு வருடம்
ரஷ்ய மொழியில்தான் கடன் கேட்டேன்,
கனவில்கூட அதில்தான் திட்டினேன்.
இப்போது தொடையில் ஒரு தசைக்கு
பதினாறு எழுத்தில் பெயர்.
மருத்துவமனைச் சலவையறையில்
ராத்திரி விரிப்புகள் சுழலச் சுழலச் சொல்லிப் பார்க்கிறேன்:
நாலு தலை உள்ள தசை.
வாளோடு பாய்ந்த நாளில்
என் தசைக்கு ஒரு தலைகூட இருந்ததில்லை.
யோசிக்காமல் பாயும்.

எழுத்தில் கோட்டை விட்டால்
இலையுதிர் காலத்தில் மறுபடி எழுதலாம்.
செய்முறைதான் வயிற்றைக் கலக்குகிறது.
மூன்று பேர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.
முன்பின் தெரியாத ஒருவனை நிறுத்தி
பதினைந்து நிமிடம் பாடம் நடத்து என்பார்கள்.
அவன் குத்த வேண்டும்.
நான் குத்து வாங்க வேண்டும்,
வேண்டுமென்றே வாங்கியது தெரியாமல்.

மணிக்கட்டைக் காட்டாதே, முழங்கையை மூடு என்று
இருபது வருடம் என்னையே அதட்டியவள் நான்.
எதிராளியின் விளக்கு எரிந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.
இப்போது அந்த விளக்குக்குத்தான் மதிப்பெண்.

மூன்றாம் நம்பர் பஸ் ஓட்டும் ப்ரோஹோர்
எதிர்வீட்டிலிருந்து வருகிறான், முழங்கால் வலியைத் திட்டிக்கொண்டு.
மாடிப்படி நடையில் நாங்கள் இருவர்.
என் தோல்சட்டை பழசு வாங்கியது,
யாரோ ஒருவரின் முழங்கை அதில் இன்னும் மடங்கியிருக்கிறது.
நான் வாளை விலக்குகிறேன், அவன் குத்துகிறான்.
விலக்குகிறேன், குத்துகிறான்.
முகமூடியைத் தூக்கிக்கொண்டு சொன்னான்:
"நீ கதவையே கழற்றி வைத்துவிட்டாய் லுகேரியா.
இதில் நுழைந்தால் அது என் திறமையா?"

வேலைக்குப் போகையில் பாலத்தருகே நின்றேன்.
இக்கரையில் ஒரு கோட்டை, அக்கரையில் ஒன்று,
நடுவில் ஆறு.
எத்தனை நூற்றாண்டாக எதிரெதிரே நிற்கின்றன,
ஓரடி முன்வைக்கத் தெரியாமல்.
பயிற்சியாளர் கிடைக்காத ஜோடி.

அன்றிலிருந்து ஒரு விரற்கடைதான் திறக்கிறேன்.
அதுவும் தாமதமாக,
அவன் சலித்துப்போகும் முன்நொடியில்.
தேடுகிறான். தவறுகிறான்.
கீழ்வீட்டுக்காரி துடைப்பத்தால் கூரையை இடிக்கிறாள்.
திடீரென்று கண்டுபிடித்துவிடுகிறான்,
முழங்காலை மறந்து "ஹா!" என்கிறான்.
இதை எந்த அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார்கள்?

வியாழன் ராத்திரி கடைசிக் குத்து.
நான் திறக்கவில்லை.
திறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.
ஆனாலும் வந்து விழுந்தது.
கொடுத்ததா, எடுத்ததா?
மேசைக்குப் பின்னாலிருந்து கேட்டால்
எந்த மொழியிலும் என்னிடம் பதில் இல்லை.

கையுறை முடிந்து
சட்டைக்கை தொடங்கும் இடத்தில்
காசளவு கன்றியிருக்கிறது.
விரிப்பை மடிக்கும்போது தொட்டுப் பார்க்கிறேன்.
வலிக்கிறது.
மறுபடி தொடுகிறேன்.