இரண்டு புள்ளி நான்கு

இந்த ஆண்டின் எண் வந்துவிட்டது.
இரண்டு புள்ளி நான்கு.
உலகத்துக் கடல்களில் போன சரக்கெல்லாம்
போன ஆண்டைவிட நூற்றுக்கு அவ்வளவு கூடுதல்.
ஹாம்பர்க்கில், ஏழாவது மாடியில்,
நானும் இன்னும் நான்கு பேரும்
அதற்கு ஒரு கோடு வரைந்தோம்.
கோட்டில் கண்ணுக்குத் தெரிகிற பள்ளம் இரண்டுதான்:
வங்கிகள் விழுந்தபோது ஒன்று,
எல்லோரும் வீட்டுக்குள் அடைந்திருந்த வருஷம் ஒன்று.
மற்றபடி ஏற்றம்.
மாடிப்படி ஏறும் பிள்ளைபோல
மூச்சு வாங்காத ஏற்றம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
எங்கள் பிழைப்பே அதுதான்.
இரும்புத்தாது, நிலக்கரி, சோயா, உரம்,
உள்ளே என்னவென்று வாய் திறக்காத பெட்டிகள்.
செங்கடலில் சுடுகிறார்கள் என்று
கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போன வருஷம்
சரக்கைவிடத் தூரம்தான் அதிகம் வளர்ந்தது.
டன்னை மைலால் பெருக்கி
அதையும் வளர்ச்சி என்றே எழுதினோம்,
வழி தவறியவனைப் பார்த்து
எவ்வளவு நடந்திருக்கிறாய் என்று மெச்சுவதுபோல.

நான் குடியிருப்பது எல்பே ஆற்றின் தென்கரையில்,
யோர்க்கில்,
ஆப்பிள் தோட்டக்காரி வீப்கே ஃபைன்ட்டின் மாடி அறை.
வாடகை குறைவு.
ஏப்ரல் மாதத்தில் தூக்கமும் குறைவு.

பூ விரிந்தபின் உறைபனி இறங்கும் இரவுகளில்
வீப்கே மோட்டாரைப் போடுவாள்.
வாய்க்கால் தண்ணீர் எழுந்து
விடிய விடிய மரங்கள்மேல் பொழியும்.
காலையில் ஒவ்வொரு பூவும் கண்ணாடிக் கூட்டுக்குள்.
பனிக்கட்டிதான் பூவைக் குளிரிலிருந்து காக்கிறது
என்று அவள் முதல்முறை சொன்னபோது
நான் நம்பவில்லை.
உன் எண்களை நான் நம்புகிறேனே, என்றாள்.

நேற்று இரவு இரண்டு மணிக்கு
தண்ணீர் குடிக்க எழுந்தேன். மோட்டார் சத்தம் இல்லை.
கப்பல் கவிழ்ந்ததுபோலக் கன்னத்தில் கைவைத்து
மதகின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

கப்பல் ஒன்றும் கவிழவில்லை.
பெருத்துவிட்டது.
கப்பல் பெருக்கப் பெருக்க ஆற்றைத் தோண்டினார்கள்,
ஒன்பது முறை.
அள்ளியதையும் அளந்துதான் அள்ளினார்கள்;
அந்த எண்ணும் எங்கள் அலமாரியில் இருக்கிறது.
எங்கள் கணக்கில் ஏறாத சரக்கு ஒன்றுதான்:
ஒவ்வொரு ஓதத்திலும்
கொடியில்லாமல், சுங்கம் கட்டாமல்
இன்னும் கொஞ்சம் மேலே ஏறிவருகிற உப்பு.

அவள் கையில் உப்புமானி.
திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.
தெளித்தால் இலை கருகலாம்.
தெளிக்காவிட்டால் பூ போய்விடும்.
வெப்பமானி பூஜ்யத்தை நோக்கி
நத்தைபோல இறங்கிக்கொண்டிருந்தது.
உன் கோட்டில் இதெல்லாம் எங்கே வரும்
என்று அவள் கேட்டிருக்கலாம்.
கேட்டது, காப்பி போடுகிறாயா என்று.

கோப்பைகளோடு நான் திரும்பியபோது
கரை அணைக்குமேல், கூரைகளுக்குமேல்,
ஒரு தெருவே எழுந்து நடப்பதுபோல
விளக்குகளோடு போனது ஒரு கப்பல்.
அட்டவணையில் அதன் பெயரைப் படித்திருக்கிறேன்.
குளிர்ப்பெட்டிகளில் நியூசிலாந்து ஆப்பிள்.
இங்கே இன்னும் பூ;
அங்கே பறித்து, துடைத்து, ஒட்டுச்சீட்டு ஒட்டிய பழம்.
சொல்லலாமா என்று யோசித்தேன்.
தெரியும், என்றாள் வீப்கே.
இந்த மோட்டாரும் அப்படி ஒன்றில்தான் வந்தது.

பிறகு விரலை வாய்க்காலில் நனைத்து
நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
நீயும் பார், என்றாள்.
பார்த்தேன். தண்ணீர். சேறு. வேறொன்றும் தெரியவில்லை.
அவளுக்குக் கரித்தது.

மூன்று மணிக்கு மோட்டாரைப் போட்டாள்.

இன்று ஏழாவது மாடியில்
வரும் ஆண்டுக்கான மதிப்பீடு.
இரண்டு புள்ளி ஆறு, என்றான் ஹென்னிங்.
ஐந்து என்றே வைக்கலாம், என்றாள் ஸ்வாந்தியே.
என்ன சொல்கிறாய் என்று என் பக்கம் திரும்பினார்கள்.
நான் வாயை மூடிக்கொண்டு
நாக்கால் துழாவிக்கொண்டிருந்தேன்.