மடும்பிப் பாத்தி

மியர்பேங்கில் மழை விட்டு இரண்டாம் நாள்.
மடும்பிப் பாத்தியோரம் ஒரு செங்கல்லைப் புரட்டினேன்.
சுருண்டு கிடந்தது மரவட்டை.
அதைச் சுற்றி
குங்குமத்தில் மை தொட்டாற்போல்
ஏழெட்டுப் பொடிப் பூச்சிகள்,
முதல் பந்தியில் இலை கிடைத்தவர்களின் மும்முரத்தோடு.

நகராட்சியில் தண்ணீர் மீட்டர் படிப்பவன் நான்.
இருபத்திரண்டு வருடம்
ஊரார் முற்றங்களில் குனிந்து
சேறு துடைத்து எண் பார்த்தவன்.
என் முற்றத்தில் ஓர் உயிரைப்
படிக்கத் தெரியவில்லை.

"வண்டுதான்" என்றாள் மொகாம்பரி.
கையில் அதற்குள் மருந்து டப்பா.
பொறு என்றேன்.
வண்டுக்கு மெல்லுகிற வாய்.
இதற்கு ஊசி,
தலைக்கடியில் பேனாக்கத்தி போல மடித்தது.
ஒன்று மட்டும் அதை நிமிர்த்தி
மரவட்டையின் வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே
தோல் மெலிந்த இடமாகப் பார்த்து
இறக்கியிருந்தது.

அந்த இடம் இதற்கு யார் சொன்னது
என்று கேட்டது மொகாம்பரிதான்.
டப்பா தானாகக் கீழே இறங்கியது.

வேலிக்கு அப்பாலிருந்து நொம்புசோ வந்தாள்,
சோப்பு நுரை முழங்கையில் அப்படியே.
செத்தது சொங்கொலோலோ என்றாள்.
தின்பது?
உதட்டைப் பிதுக்கினாள்.
தின்னப்படுவதற்கு வீட்டுக்கு வீடு ஒரு பெயர்.
தின்பதற்கு இந்தத் தெருவிலேயே இல்லை.

இரவு டார்ச்சோடு போனேன்.
பெரியது ஒன்று வந்திருந்தது, தாயோ யாரோ.
சிவப்பில்லை.
புளியங்கொட்டை மினுக்கம்,
மங்கிய மஞ்சள் தோளில்
கருப்பாய் ஒரு சிலுவை.
ஆறு கால். சந்தேகத்துக்கு இன்னொரு முறை எண்ணினேன்.
ஊறுகாய் பாட்டிலைக் கவிழ்க்கப் போனதில்
குத்து எனக்கு.
நடுவிரல் மட்டும் விடியும்வரை
தனியாக விழித்திருந்தது.

சனிக்கிழமை, நூலகத்தின் தடித்த புத்தகத்தில்
சிலுவை முதலில் கண்ணில் பட்டது.
கொலைகாரப் பூச்சி வகை. மரவட்டை தின்னி.
குஞ்சுகள் சிவப்பு, கூட்டமாய் உண்ணும்.
நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.
பெயர் கிடைத்ததும்
வலிக்கு ஓர் ஒழுங்கு வந்துவிட்டது.

எங்கள் குறிப்பேட்டில்
வீட்டு எண்ணுக்கு எதிரே ஒரு சின்னக் கட்டம் உண்டு:
நாய் கடிக்கும், கேட் பூட்டு, கிழவர் திட்டுவார்,
அடுத்து வருகிறவனுக்காக எழுதுவது.
என் வீட்டுக்கு இத்தனை வருடமும் வெறுமையாய் இருந்தது.
திங்கட்கிழமை எழுதினேன்:
பின்பக்கச் செங்கல்லைப் புரட்டாதே,
சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.