பார்த்த கணக்கு

ஊரே முகமூடி மாட்டிக்கொண்டு
புகைக்கு அஞ்சி ஜன்னலைச் சாத்தும் ஜனவரியில்
புகையைத் தேடி நாலு மணிக்கே எழுந்தோம்,
நாலு பேர், ஒரு பழைய மாருதியில்.

முனிர்க்காவில் என்னை ஏற்றிக்கொண்டார்கள்.
சுக்பீர் பல் வைத்தியர்.
பிஸ்டன் என்று சொல்லும்போது மட்டும் குரல் இளகும்.
நூபுர் ஒலிவாங்கிக்குக் கம்பளி உறை போட்டு
மடியில் பூனைபோல் வைத்திருந்தாள்.
பின்சீட்டில் முழங்கால் மடங்காமல்
டார்பியிலிருந்து வந்த ஹோலிங்வர்த்.
நான் எதற்கு என்று கேட்காதீர்கள்:
புள்ளியியல் துறையில் வேலை,
எண்கள் எங்கேயோ அங்கே நிற்பேன்.

பிஜ்வாசன் தாண்டி ஒரு கேட்.
பனி.
கையை நீட்டினால் கடிகாரம் காணோம்.
வருவது கிளாஸ்கோவில் செய்து கல்கத்தாவில் இறக்கியது,
வருடத்தில் ஐந்தாறு நாள் வெளியே விடுவார்கள்.

ஹோலிங்வர்த்திடம் ஒரு சின்னப் புத்தகம்.
பிரிட்டன் செய்து கப்பலேற்றிய எஞ்சின்கள்,
எஞ்சியவை, எடைக்குப் போனவை,
எல்லாம் எண்களாக.
கண்ணால் கண்டதற்கு மட்டும் அடியில் ஒரு கோடு,
அளவுகோல் வைத்து, சிவப்பு மையில்.
பதினான்கு வயதில் ஆரம்பித்தாராம்.
காதால் கேட்டதற்குக் கோடு கிடையாது.
அருங்காட்சியகத்தில் கயிறு கட்டி நிறுத்தியதற்கு
அரைக் கோடு போடலாமா என்று
நாற்பது வருடம் ஒரு நண்பரோடு சண்டை.
நண்பர் போய்விட்டார். சண்டை முடியவில்லை.

ரோஹ்தாஸ் கேட்டை இறக்கினான்.
பால்வண்டிக்காரன் எங்களைத் திட்டினான்,
பனியையும் நாங்கள்தான் கொண்டுவந்தோம் என்பதுபோல.

முதலில் தண்டவாளம் சொன்னது.
நூபுர் கையை உயர்த்தினாள்: யாரும் மூச்சு விடாதே.
பிறகு ஒரு இருமல்.
இருமலுக்கு நடுவே கொஞ்சம் யோசனை.
மறுபடி இருமல், இருமல், இருமல்,
வெள்ளைக்குள் இன்னொரு வெள்ளை புகுந்தது,
ஒரு பக்கக் கன்னம் மட்டும் சுட்டது,
காலடியில் ஜல்லி நெளிந்தது.
அவ்வளவுதான். போய்விட்டது.
கடைசியில் முட்டுக்கொடுத்துத் தள்ளிவந்த டீசல் மட்டும்
விளக்கெரிய, மஞ்சள் பட்டையோடு,
நம்பரோடு, பளிச்சென்று.
சுக்பீர் பஞ்சாபியில் சொன்னதை
நான் இங்கே எழுதுவதாக இல்லை.

ஹோலிங்வர்த் பேனா மூடியைக் கழற்றினார்.
மாட்டினார்.
'சூடு பட்டதே, அது பார்த்ததில் சேராதா?' சுக்பீர்.
'முழுசாக இதில் இருக்கிறது,
இடதுபக்க வால்வு சற்றே பிந்துவது உட்பட,'
நூபுர் ஹெட்போனை நீட்டினாள்.
ரோஹ்தாஸ் கொடியைச் சுருட்டியபடி,
'நான் பார்த்தேன் சாப், கையெழுத்தே போடுகிறேன்.'
இந்தப் பனியிலா?
'இருபது வருடமாக ரிஜிஸ்டரில்
பார்த்ததாகத்தானே எழுதுகிறேன்.'
என் பங்குக்கு நானும் சொன்னேன்:
கிடைக்காத தரவைப் பூஜ்யம் என்று எழுதக் கூடாது,
அதற்கென்று தனியாக ஒரு கட்டம் உண்டு.
அவர் புத்தகத்தில் அப்படிக் கட்டம் இல்லை.

அப்போதுதான் மேலிருந்து, வெகு நிதானமாக,
ஒரு கரித்துகள்
விரித்த பக்கத்தில் வந்து விழுந்தது.
எங்கள் எண்ணுக்கு அடியில் அல்ல.
இரண்டு வரி தள்ளி,
அறுபத்தெட்டில் எடைக்குப் போன ஒன்றுக்கு அடியில்.
ஊதிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.
புத்தகத்தை அப்படியே மூடினார்,
உள்ளே யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல.

ஒன்பதரைக்கு அலுவலகம்.
விரல்ரேகை எந்திரம் என் விரலை ஏற்கவில்லை.
துப்பட்டாவில் துடைத்து மறுபடி வைத்தேன்.
துப்பட்டாவில் கறுப்பு.
மூன்றாம் முறையும் 'பதிவில் இல்லை' என்றது.
பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.
சட்டென்று திரும்பிவிட்டேன்.