நூற்றுத் தொண்ணூறு

பெயர்த்தகட்டை யாரோ பிடுங்கியிருந்தார்கள்.
இரண்டு திருகுத் துளைகள் மட்டும்,
மூக்குத்தி கழற்றிய மூக்கு மாதிரி.

"மூணு மாசத்துக்கு ஒரு ஜோடி வால்வு திங்குது அக்கா.
கொழும்பில மூணு பேர் பார்த்துட்டாங்க" என்றான் இன்பராஜ்.
டிக்கோயாவில் கல்யாண வீட்டு பேண்ட்.
"ஒரிஜினலா ஆக்கிக் குடுங்க."
எது ஒரிஜினல் என்று நான் கேட்கவில்லை.
ஹட்டனில், கோழிக்கடைக்கு மேல்மாடியில்,
இன்வெர்ட்டர்களையும் ரைஸ் குக்கர்களையும் ஓரந்தள்ளி
அதற்கு இடம் பண்ணினேன்.

பிளக்கைக் கழற்றிய பிறகும்
உள்ளே முந்நூறு வோல்ட் விழித்திருக்கும்.
இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
ஒரு ரெசிஸ்டரால் மெல்ல வடித்தேன்.
மீட்டரில் எண் இறங்கிக்கொண்டே வந்தது.
கீழே ஒரு கோழி சத்தத்தை நிறுத்தியது.

வரைபடம் கிடையாது.
மின்சார பில்லின் பின்பக்கம், ஒரு பென்சில்.
கிட்டார் நுழையும் துளையிலிருந்து தொடங்கினேன்.
பழுப்பு, கறுப்பு, மஞ்சள்: ஒரு லட்சம் ஓம்.
தார் ஒழுகிய ஒரு கெப்பாசிட்டர்
ஏதோ ரேடியோவிலிருந்து குடிவந்தது,
கால்கள் எட்டாமல் ஒட்டுப்போட்டிருக்கிறது.
அடுத்த வால்வு. அதற்கடுத்தது.
அங்கே ஸ்பீக்கர் பக்கமிருந்து வரவேண்டிய வயர்
பாதி வழியில் நின்றுவிட்டது.

வெளியே போகும் சத்தத்தில் ஒரு சொட்டைத் திருப்பிக் கொண்டுவந்து
'மெல்லப் பேசு' என்று சொல்கிற வயர் அது.
வெட்டியிருந்தார்கள். கவனமாக.
முனையில் பிளாஸ்டர்,
தோட்டத்து டிஸ்பென்சரியில் காயத்துக்கு ஒட்டும் அதே பிளாஸ்டர்.

டிரான்ஸ்போர்மர் பக்கத்தில், தகரத்தில், ஆணியால் கீறிய எண்:
190.
விலையாக இருக்கலாம்.
ஆளின் செக்ரோல் நம்பராக இருக்கலாம்.
அதை விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

மழையில் நனைந்த படிக்கட்டில் பாதி இறங்கியபோதுதான்
திரும்பி ஓடினேன்.

டிரான்ஸ்போர்மரில் மூன்று காதுகள்: 240, 220, 200.
வயர் கடைசிக் காதில்.
தேயிலைத் தொழிற்சாலையின் அதே லைனில் ஓர் அறை.
ராத்திரி. கொழுந்து வாட்டும் காற்றாடிகள் எல்லாம் சுற்ற
லைட்டுகள் மஞ்சளாகின்றன, கிட்டார் குரல் மங்குகிறது.
அவனோ அவளோ ஒரு மீட்டரைச் சுவரில் குத்திப் பார்த்து
எழுதிவைத்த எண்.
பிழை இல்லை அது. அளவு.

என் சுவரில் இன்று 232.
ஆறே கால் வோல்ட் கேட்ட இழைக்கு
ஏழுக்கு மேல் ஊட்டியிருக்கிறார்கள்.
தகடுகள் சிவக்கச் சிவக்க
மூன்று கெட்டிக்காரர்களும் வால்வையே மாற்றினார்கள்,
காய்ச்சல்காரனுக்குப் போர்வை மாற்றுகிற மாதிரி.

வயரை 240க்கு மாற்றினேன். தகடுகள் கறுப்பிலேயே நின்றன.

சனிக்கிழமை இன்பராஜ் கிட்டாரோடு வந்தான்.
வெட்டிய வயரை முதலைக் கிளிப்பால் சேர்த்தேன்.
பேங்க் கவுன்ட்டரில் பேசுகிற குரல்.
கிளிப்பை எடுத்தேன்.
பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரைக் கூப்பிடுகிற குரல்,
கடைசியில் கொஞ்சம் கிழிந்து.

"இதுல எது அக்கா ஒரிஜினல்?"
"முதலாவது."
அவன் பேசாமல்
இரண்டாவதில் பத்து நிமிஷம் வாசித்தான்.
கோழிக்கடைக்காரர் கத்தியோடு மேலே வந்து
வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

பழைய பிளாஸ்டரைப் பிரித்துப் புதியது சுற்றினேன்.
190ஐ அடிக்கவில்லை.
அதன் கீழே, அதே ஆணிக் கையெழுத்து வராமல்,
232 என்று கீறினேன்.

"ஒரு வயர்தானே மாத்தினீங்க, நாலாயிரமா?" என்றான்.
மூன்றரைக்கு இறங்கினேன்.

அவன் போன பிறகுதான் பார்த்தேன்,
மீட்டர் சுவரிலேயே குத்தியபடி இருந்தது.
கீழே கோழிக்கடையின் குளிர்ப்பெட்டி உறுமத் தொடங்க
232, 229,
226.