ஐந்தாவது பயணி

காலை ஐந்தரை. காசிமேடு.
நிகழ்ச்சி நிரலில் இருபது நிமிடம்:
மீன் ஏலம், பார்வையிட மட்டும்.
கனாசவாவிலிருந்து நால்வர்.
மூக்கைப் பொத்தாமல் இறங்கிய முதல் குழு
இதுதான் என்றான் ஓட்டுநர் குணாளன்.

வரும் வழியிலேயே வேனில்
ஆறு சொல் பழக்கியிருந்தேன்.
வணக்கம். நன்றி. காரம் வேண்டாம்.
சாப்பிட்டாச்சு. எவ்வளவு. போதும்.
தலையசைப்பைப் பற்றிச் சொல்ல மட்டும்
விட்டுப்போயிற்று.

ஏலம் கூவிக்கொண்டிருந்த தேசம்மா
ஹமகுச்சியைப் பார்த்துச் சிரித்தாள்.
அவர் முறைப்படி இடுப்பு வளையக் குனிந்தார்.
"மூவாயிரத்து எண்ணூறு!"
தம்மைத்தான் வரவேற்கிறாள் என்று
இன்னும் ஆழமாகக் குனிந்தார்.
"நாலாயிரம்! ஒருதரம், ரெண்டுதரம்!"
ஓட்டல்காரர் ஒருவர் கையை இறக்கிக்கொண்டார்.
"அக்கா, அது கும்பிடுக்கா" என்று நான் குறுக்கே புகுவதற்குள்
நாலரைக் கிலோ வஞ்சிரம்
பிரசவ வார்டில் பிள்ளையை வாங்கியதுபோல்
அவர் இரு கைகளிலும் கிடந்தது.

திருப்பித் தந்துவிடலாமா, கேட்டேன்.
அவர்கள் மொழியில் இல்லை என்று சொல்ல
எனக்குத் தெரிந்து பதினேழு வழி உண்டு.
ஹமகுச்சி பல்லிடுக்கில் மூச்சை இழுத்தார்.
பதினெட்டு.

தெர்மாகோல் பெட்டி, உடைத்த ஐஸ்,
ஐந்தாம் இருக்கை, சீட் பெல்ட்.

மயிலாப்பூரில் பொங்கல்.
கியோகோ அம்மாள் மிளகுகளை ஓரம் ஒதுக்கி எண்ணினார்:
பதினொன்று.
கோயிலில் நான் புன்னை மரத்தையும் மயிலையும்
கதைக்குள் கொண்டுவந்துகொண்டிருக்க
அவர் குளத்துப் படியில் நின்று
துள்ளிய மீனைப் பார்த்தார்,
பிறகு வேன் நின்ற திசையை.

எழும்பூர் அருங்காட்சியகம்.
எல்லோரும் நடராசரின் தூக்கிய திருவடியைப் பார்ப்பார்கள்.
ஹமகுச்சி குந்தி உட்கார்ந்து
அடியில் கிடக்கும் முயலகனின் முகத்தையே பார்த்தார்.
"இவர் மட்டும்தான் வேலையில் இருக்கிறார்," என்றார்.
ஒன்பது வருடமாக இங்கே வருகிறேன்,
அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.
வெளியே ஜூஸ் கடையில்
இரண்டாம் முறை ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தான் குணாளன்.

மதியம் நட்சத்திர ஓட்டல் பஃபே. ரத்து.
சிந்தாதிரிப்பேட்டை, ரெஜினா மெஸ்.
"வெளியாளை அடுப்படியில சேர்க்க மாட்டேன்" என்றவள்
பெட்டியைத் திறந்து செவுளைப் பார்த்ததும்
ஒதுங்கி வழி விட்டாள்.

அருவாமனையில் கால் மடக்கி உட்கார்ந்தாள்.
முப்பத்தெட்டு வருடம் மீன் கடை வைத்திருந்தவர்
அப்படி ஒன்றைக் கண்டதில்லை.
அவர் ஊரில் மீன் கிடக்கும், கத்தி போகும்.
இங்கே கத்தி நிற்கிறது, மீன் போகிறது.
தரையில் உட்கார்ந்து தானும் முயன்றார்.
இரண்டாம் துண்டில் கட்டைவிரலைக் கீறிக்கொண்டு
பெருமையாக எல்லோருக்கும் காட்டினார்.
ரெஜினா மஞ்சளை அப்பினாள்.

பாதி, மிளகாய் பூசிக் கல்லில்.
பாதி, கண்ணாடிபோல் சீவி,
உப்பும் எலுமிச்சையும், அவ்வளவே.
ரெஜினா ஒரு துண்டைக் கண்மூடி மென்றாள்.
"வேகல," என்றாள்.
இன்னொன்று எடுத்தாள்.
வறுவலைத் தின்ற ஹமகுச்சிக்கு
உச்சந்தலையெல்லாம் வியர்வை.
காரம் வேண்டாம் மறந்துபோய்
"எவ்வளவு! எவ்வளவு!" என்று கத்தினார்.

விருந்தினருடன் வழிகாட்டி அமரக் கூடாது.
கம்பெனி விதி.
என் எலுமிச்சை சாதம்
எப்போதும் வேனுக்குப் பின்னால், நின்றபடி.
அன்று ரெஜினா எண்ணிப் பார்க்காமல்
ஆறு இலை போட்டாள்.
மீன் தலையில், கண்ணுக்குக் கீழே,
கன்னத்தில் கொஞ்சம் சதை இருக்கும்.
ஹமகுச்சி அதைக் குச்சிகளால் நோகாமல் எடுத்து
என் இலையில் வைத்தார்.
அது யாருக்குப் போக வேண்டும் என்று
அவர் ஊரில் ஒரு வழக்கம் உண்டாம்.
அந்தச் சொல் எனக்குத் தெரியவில்லை.
மொழிபெயர்க்காமல் தின்றேன்.

சாந்தோம் விட்டுப்போயிற்று.
கோட்டையும்.
அறிக்கைப் படிவத்தில்
"மாற்றங்கள்" என்ற கட்டத்தில்
கோடு போட்டுவிட்டேன்.

மறுநாள் ஏறிய பெங்களூர் தம்பதி
ஏசியைக் கூட்டச் சொல்லி,
என்ன வாடை இது என்றார்கள்.
"நேத்து வந்த கெஸ்ட்டு சார்," என்றான் குணாளன்.
"இன்னும் எறங்கல."