புதன் நான்கு மணி

பழைய விஞ்ஞானக் கட்டடத்தின் பின்பக்கம்,
மின்மானி அறைக்கு அடுத்த அறை.
இரண்டு பிளாஸ்டிக் கதிரை, ஒரு கேத்தல்.
கதவில் எதுவும் எழுத வேண்டாமென்று
நாங்கள்தான் சொன்னோம்.
எழுதினால் எவர் வருவார்?

இரண்டு நாள் பயிற்சியில் சொல்லித் தந்தது கொஞ்சம்தான்.
அறிவுரை சொல்லாதே.
'எல்லாம் சரியாகும்' என்று மட்டும் சொல்லவே சொல்லாதே.
நேரம் பார்க்க வேண்டியிருந்தால்
கடிகாரத்தை அவர் முதுகுக்குப் பின்னால் மாட்டு.
மாட்டினோம். நின்றுபோனது.
பற்றரியை எந்தக் கணக்கில் எழுதுவதென்று
ருவினி இன்னும் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

'மனசு சரியில்ல' என்பதற்குச் சிங்களத்தில் என்ன
என்று அவளிடம் ஒருநாள் கேட்டேன்.
'ஹித ஹொந்த நே.'
அவ்வளவுதானா?
அவ்வளவுதான், அதற்குப் பிறகு
நாம் சும்மா இருக்க வேண்டும் என்றாள்.

அமலதாசன் மூன்று புதன் வந்தான்.
முதல் புதன், சோற்றுப் பார்சல் விலை.
இரண்டாம் புதன், ஹந்தானை மழை, காயாத சப்பாத்து,
பொகவந்தலாவையில் அப்பா
'மகன் டொக்டராகிறான்' என்று சொல்லிவைக்க
லயத்து ஆட்கள் முழங்கால் வலிக்கு
மருந்து கேட்டு அழைப்பெடுப்பது.
அவன் படிப்பது தவளை.
'சொல்லிப் பாத்தேன் அக்கா.
தவளைக்கும் டொக்டர் வேணுந்தானேங்கிறாரு.'
சிரித்தோம். அவன் முதலில் நிறுத்தினான்.

மூன்றாம் புதன்
பிளேன்டீ ஆறும்வரை வாய் திறக்கவில்லை.
பிறகு குளிர்பெட்டியைப் பற்றிச் சொன்னான்.
மின்வெட்டு நீண்ட அந்த வாரம்
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
பதினான்கு மாதம் ஓடை ஓடையாய் இறங்கி
தவளைத் தோலில் ஒற்றியெடுத்த பஞ்சுகள்,
நானூற்றுப் பன்னிரண்டு குப்பி,
உருகி, மறுபடி உறைந்தன.
மேற்பார்வையாளர் அதற்கு முன்பே மெல்பேர்ன் போய்விட்டார்.
எவரிடமும் சொல்லவில்லை.
தினமும் எட்டரைக்குப் போய்
மூடியைத் திறந்து, எண்ணி,
பதிவேட்டில் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறான்.
'ரெண்டு வருசமா.'

என் நாக்கு நுனிவரை வந்தது 'எல்லாம் சரி…'
விழுங்கினேன்.
'தினமும் எண்ணுவீங்களா?'
'தினமும்.'
'குறைஞ்சிருக்கா?'
'இல்லக்கா. எல்லாம் இருக்கு.'
அப்போதுதான் தோள் குலுங்கத் தொடங்கியது.
கீழே சரசவி உயனவில் கண்டி ரயில் நின்றது,
போனது. இன்னொன்றும் வந்திருக்க வேண்டும்.

அறைக்கு வெளியே பின்தொடராதே என்றும் ஒரு விதி உண்டு.
வியாழன் எட்டரைக்கு நானும் போனேன்.
அவன் குப்பியை எடுத்து எண் சொன்னான்,
நான் குறித்தேன்.
விரல் மரத்து, இடையில் இருமுறை வெளியே வந்து
வெயிலில் நின்றோம்.
கடைசிப் பக்கத்தில், 'நிலை' என்ற கட்டத்தில்,
அவன் தன் கையால் 'பழுது' என்று எழுதினான்.
எழுத்து நேராகத்தான் இருந்தது.

மாத அறிக்கையில்
'மேற்கொண்ட நடவடிக்கை' என்றொரு வரி வரும்.
'எண்ணினோம்' என்று போட்டேன்.

அடுத்த புதன் ருவினியை
எதிர்க் கதிரையில் இருக்கச் சொல்லியிருக்கிறேன்.
ஏப்ரலுக்குப் பிறகு திறக்காத அத்தியாயம் ஒன்று
என் கணினியில் கிடக்கிறது.
பார்சல் விலையில் தொடங்குவேன் என்று நினைக்கிறேன்.